பதினாலு சென்ட்

ஜனவரி 7, 2024, ஞாயிறு. அம்பத்தூர்

பொன்னேரி வக்கீலிடமிருந்து பதிவுத் தபால் நேற்றே வந்துவிட்டது. அம்மா இன்று காலை காபியோடு சேர்த்துத்தான் அதை நீட்டினாள். ராத்திரி முழுக்கத் தலையணைக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள். உள்ளே உயிலின் நகல். சோழவரம் ஏரிக்குக் கீழே பதினாலு சென்ட் மனை, அதில் ஓட்டு வீடு, பின்கட்டு, கிணறு, மோட்டார் ரூம், எல்லாம் எனக்கு. எழுதியவர் கார்த்திகையில் காலமான என் அத்தை.

அத்தைக்கும் எங்களுக்கும் போக்குவரத்து கிடையாது. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலத்துக்கு உயில் எதுவும் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். 1991-இல் அப்பாவும் சித்தப்பாவும் விடுதலைப் பத்திரம் தயார் செய்து, "சீரெல்லாம் செஞ்சாச்சு, கையெழுத்துப் போடு" என்று நீட்டினார்கள். அத்தை போடவில்லை. பாகம் பிரித்துத் தன் பங்கை வாங்கிக்கொண்டு, கணவர் இறந்த பிறகும் அங்கேயே ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் டீச்சராக இருந்தார். 'பொறந்த வீட்டைக் கூறு போட்டவ' என்று குடும்பம் அவரை ஒதுக்கியது.

எனக்கு ஏன் என்று உயிலிலேயே ஒரு வரி இருக்கிறது: 'கல்யாணப் பந்தியில் எல்லோரும் எழுந்து போனபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இலை போடச் சொன்ன பிள்ளைக்கு.' எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். பாயசம் இரண்டாவது முறை கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னாள், "முதல்ல போய் வீட்டைப் பார்த்துட்டு வா."

ஜனவரி 9, செவ்வாய். சோழவரம்

ஆபீசுக்கு லீவு. செங்குன்றத்தில் இறங்கி பஸ் மாறினேன். அரிசி ஆலைகளின் வேக வைத்த நெல் வாசனை பாடியநல்லூர் தாண்டியும் விடவில்லை. ஜி.என்.டி. ரோடு முழுக்கக் கன்டெய்னர் லாரி. ஏரிக்கரைப் பக்கம் திரும்பியதும் சத்தம் சட்டென்று குறைகிறது.

சாவி பின்கட்டில் குடியிருப்பவரிடம் இருப்பதாக வக்கீல் சொல்லியிருந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். நைட் ஷிப்ட் முடித்து வந்து, வாயில் பிரஷ்ஷோடு கிணற்றடியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாக வாய் கொப்பளித்துவிட்டுக் கேட்டார்: "நீங்கதான் இலை போடச் சொன்ன பிள்ளையா?"

உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் அவர் ஒருவர். இன்னொருவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்.

உள்ளே கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி. மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், வீட்டு வரி ரசீது, ஈ.பி. கார்டு எல்லாம் வருஷ வாரியாக நூல் கட்டி வைத்திருக்கிறார் அத்தை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த விடுதலைப் பத்திரம் இருந்தது. முத்திரைத்தாள் பழுத்து மஞ்சளாகியிருக்கிறது. அப்பா பெயர், சித்தப்பா பெயர், சர்வே எண், நான்கெல்லை எல்லாம் டைப் அடித்து, கடைசியில் அத்தை கையெழுத்துக்கு விட்ட இடம் வெறுமையாக இருக்கிறது. திருப்பினேன். பின்பக்கம் முழுக்க பென்சிலால் பால் கணக்கு. காலை அரை, மாலை கால். ஒரு மாதத்துக் கணக்கைக் கூட்டிக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

அதை எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. வாசலில் நின்றபடி அவர் கேட்டார், "மோட்டார் போடச் சொல்லித் தரட்டுமா? அந்த ஸ்டார்ட்டர் புது ஆளுக்குப் பிடி கொடுக்காது."

பச்சை பட்டனை அழுத்தி, மூன்று எண்ணி, பக்கத்தில் தொங்கும் வேப்பங்கட்டையால் பெட்டியின் இடது பக்கம் ஒரு தட்டு. தண்ணீர் வந்தது. எலெக்ட்ரீஷியன் குடியிருக்கும் வீட்டில் இது என்ன வைத்தியம் என்று கேட்டேன். "டீச்சரம்மா மாத்த விடல. ஓடுறதை ஏன்டா கழட்டுறேன்னுவாங்க" என்றார். பேசும்போது குரல் கம்மியது.

ஜனவரி 12, வெள்ளி. அம்பத்தூர்

செய்தி எப்படித்தான் பரவியதோ. ஒரே நாளில் இரண்டு ஜாதகம். அதில் ஒன்று, போன வருஷம் "பொண்ணு பரவால்ல, ஆனா வாடகை வீட்டுல இருக்காங்களே" என்று திருப்பி அனுப்பிய குடும்பம். பையனின் அம்மா போனில் ஜாதகத்தை விட்டுவிட்டு மனை மெயின் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். அம்மா ரொம்ப மரியாதையாக, "பொண்ணு மெயின் ரோட்டுலேர்ந்து ரொம்ப தூரம்ங்க" என்று சொல்லி போனை வைத்தாள். நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன்.

நிலத் தரகர்களும் விடவில்லை. சித்தூரிலிருந்து வரும் ஆறுவழிச் சாலை தச்சூரில் வந்து சேரப் போகிறது, குடோன்காரர்கள் எங்கே இடம் என்று அலைகிறார்கள், இப்போது கொடுத்தால் கேட்ட விலை என்கிறார்கள்.

'அருணாச்சலம்' படம் ஞாபகம் வந்தது. 1997-இல் வந்தது. 30 நாளில் 30 கோடியைச் செலவழித்தால் 3,000 கோடி சொத்து. 1902-இல் வந்த ஓர் அமெரிக்க நாவலிலிருந்து கிளம்பி எத்தனையோ நாட்டுப் படங்களைச் சுற்றி நம் ரஜினியிடம் வந்து சேர்ந்த கதை. எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனால் இந்த மாதிரிக் கதைகளில் சொத்து ஏன் எப்போதும் பையனைத் தேடியே வருகிறது? பெண்ணுக்கு அந்தப் பையன்தான் சொத்து என்று முடித்துவிடுகிறார்கள். பால் கணக்கு எழுதிய அத்தையை வைத்து யாராவது ஒரு படம் எடுக்க வேண்டும்.

ஜனவரி 15, திங்கள், பொங்கல். சோழவரம்

அம்மாவும் நானும் அத்தை வீட்டு வாசலில் பொங்கல் வைத்தோம். மிக்ஜாம் புயல் மழையில் சரிந்த ஓடுகளைப் பின்கட்டுக்காரரே ஏறி அடுக்கி வைத்திருக்கிறார். கரும்பும் மஞ்சள் கொத்தும் அவர் கொண்டுவந்தது. அம்மா ஒரு தூக்கு நிறையப் பொங்கல் கொடுத்து, "தம்பி, சாயங்காலம் தூக்கைக் கழுவாமக் குடுங்க, வெறும் பாத்திரம் திருப்பக் கூடாது" என்றாள். அவர் குழம்பிப் போய், சாயங்காலம் அதில் ஒரு படி பச்சரிசி போட்டுக் கொடுத்தார். கழுவித்தான் கொடுத்திருந்தார்.

ஏரிக்கரையில் நடந்தோம், அம்மா முன்னால், நாங்கள் பின்னால். கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கத்தில் அணை கட்டித் திருப்பிய தண்ணீர்தான் இங்கே வருகிறது, இங்கிருந்து புழல். 1870-களிலிருந்து சென்னைக்குக் குடிநீர் தந்துவரும் வழி. கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி என்று அவர் சொன்னார். ஊர்க்காரர்கள் இதைப் பிள்ளைகள் மார்க் சொல்வதுபோல் சொல்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளத்தில் பிற்பாடு கார், மோட்டார் சைக்கிள் ரேஸ் நடந்த காலத்தைப் பற்றி நிறையப் பேசினார். இருங்காட்டுக்கோட்டையில் தனியாகப் பந்தயத் தடம் வரும் வரைக்கும் ரேஸ் என்றாலே சோழவரம்தான். அவருடைய அப்பா அங்கே பன்னீர் சோடா விற்றிருக்கிறார். அத்தை ஒவ்வொரு வருஷமும் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப் போய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்து, "யார் முதல்ல வந்தாங்கன்னு பார்க்காதே, வளைவுல யார் வேகத்தைக் குறைக்கிறாங்கன்னு பார்" என்பாராம். எனக்குத் தெரியாத அத்தையை அவர் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குத் தந்துகொண்டிருக்கிறார். பணத்தால் வாங்க முடியாத பங்கு இது.

ஜனவரி 16, செவ்வாய், மாட்டுப் பொங்கல்

"வீடு வேணும்னு எல்லாரும் சிறுவாபுரி போறாங்க. உனக்குக் கேக்காமலே வந்துடுச்சு. போய் ஒரு நன்றி சொல்லிட்டு வா" என்றாள் அம்மா. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு பஸ்ஸில் நிற்க இடமில்லை. அவர் வண்டியில் போனேன். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், சித்தப்பா வேறு மாதிரி சொல்வதால்.

கோயிலில் வீடு வேண்டுபவர்கள் சின்னச் சின்னக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிறார்கள். ஒரு வயதான அம்மா மூன்று கல் அடுக்கிவிட்டு, "மாடி வேணாம் முருகா, இது போதும்" என்று மேல் கல்லை எடுத்துவிட்டார். மரகத மயிலைப் பார்த்தோம். வள்ளி மணவாளர் சன்னதியில், முருகன் வள்ளியின் கையைப் பிடித்திருக்கும் கோலத்துக்கு முன்னால் வரிசை நகரவே இல்லை. கல்யாணம் ஆகாதவர்கள் நிறையப் பேர். நாங்களும் நின்றோம்.

வெளியே வந்து, என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "வீட்டு ஓனர் வாடகை ஏத்தக் கூடாதுன்னு" என்றார். நான் சிரித்து முடிப்பதற்குள் எதிரே சித்தப்பா, கையில் அர்ச்சனைத் தட்டோடு.

ஜனவரி 18, வியாழன். சோழவரம்

சித்தப்பா காலையிலேயே வந்துவிட்டார். குழந்தையில்லாத பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வழியில் வந்த சொத்து, பிறந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும் என்றார். தாலுகா ஆபீசில் ஆட்சேபணை மனு கொடுத்துவிட்டாராம். அப்புறம் பின்கட்டைப் பார்த்துக் கையை நீட்டினார்: "சாட்சி போட்டவனும் அவன் பொண்டாட்டியும் உயில்ல ஒரு சல்லிக்காசு வாங்க முடியாது, சட்டத்துல இருக்கு! இவனைக் கட்டிக்கிட்டா மொத்த உயிலும் போச்சு!"

கல்யாணம் என்ற பேச்சை எங்கள் இருவருக்கும் நடுவில் முதன்முதலில் எடுத்தவர் சித்தப்பாதான். அம்மா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அவர் காது சிவந்து போனதைப் பார்த்தேன். எனக்கும் முகம் சுட்டது.

சாயங்காலம் ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு, சிப்காட்டில் கூட வேலை செய்பவரின் ரூமுக்குப் போகிறேன் என்று சொல்ல வந்தார். "டீச்சரம்மா எழுதினது என்னால செல்லாமப் போயிடக் கூடாதுங்க." மோட்டார் ரூம் சுவரில் சாக்பீஸால் 'பச்சை, 1 2 3, தட்டு' என்று எழுதிவிட்டுப் போனார்.

எனக்கு அழுகையாக வந்தது. எந்தச் சட்டமோ தெரியவில்லை, ஒரு நல்ல மனிதரை அவர் இருக்கும் வீட்டிலிருந்தே எழுப்பிவிட்டது.

ஜனவரி 20, சனி. பொன்னேரி

வக்கீல் அம்மா சித்தப்பாவின் வாதத்தைக் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பிறந்த வீட்டு வழிச் சொத்து திரும்பிப் போகும் என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவு. உயில் எழுதாமல் இறந்தால்தான் அது. "உங்க அத்தைக்கு இது தெரிஞ்சிருக்கு. அதனாலதான் உயிலே எழுதியிருக்காங்க." சோழவரம் சென்னை நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் உயர் நீதிமன்றத்தில் புரோபேட் வாங்கவும் கட்டாயமில்லை.

சாட்சி விஷயம் 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு. சித்தப்பா சொன்ன விதி உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் எந்தெந்தப் பிரிவுகள் இந்துக்களின் உயிலுக்குப் பொருந்தும் என்று மூன்றாம் அட்டவணையில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் 67 இல்லை. "இருந்தாலும்தான் என்ன? உயில் எழுதின அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் பார்த்ததுகூட இல்லையே. நாளைக்கே வழக்குன்னு வந்தாலும் ஒரு சாட்சி போதும், தலைமை ஆசிரியர் இருக்கார். அந்தப் பையன் எங்க வேணா குடியிருக்கலாம், யாரை வேணா கட்டிக்கலாம்." கடைசி வாக்கியத்தை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

கிளம்பும்போது சுவரிலிருந்த காலண்டரைக் காட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன் இதே தேதியில், 2022 ஜனவரி 20 அன்று, உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அருணாசலக் கவுண்டர் வழக்கு. மாரப்பக் கவுண்டர் என்பவர் 1938-இல் ஏலத்தில் வாங்கிய சொத்து. அவருக்கு ஒரே மகள் குப்பாயி அம்மாள். 1967-இல் வாரிசில்லாமல் இறந்தார். பெரியப்பா வழிச் சொத்தில் எனக்கும் ஐந்தில் ஒரு பங்கு என்று மாரப்பக் கவுண்டரின் தம்பி மகள் தங்கம்மாள் 1991-இல் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் தோற்று, உயர் நீதிமன்றத்தில் தோற்று, கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. தகப்பனின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்கு 1956-க்கு முன்பேகூட உரிமை இருந்தது என்றார்கள். ஆனால் மேல்முறையீட்டில் பெயர் இருக்கும் அருணாசலக் கவுண்டர் அதைக் கேட்க உயிரோடு இல்லை. தீர்ப்பின் தலைப்பிலேயே 'இறந்துவிட்டார், வாரிசுகள் மூலம்' என்று இருக்கிறது.

1991. அத்தை கையெழுத்துப் போட மறுத்த அதே வருஷம் இன்னொரு பெண் கோர்ட் படியேறியிருக்கிறாள். பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929-இல், செங்கல்பட்டில். சோழவரமும் அன்று செங்கல்பட்டு மாவட்டம்தான். இத்தனைக்குப் பிறகும் பங்கு கேட்ட அத்தைக்குப் பந்தியில் துணைக்கு ஆளில்லை என்பதை நினைக்கப் பொறுக்கவில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

மோட்டார் ஓடவில்லை. பச்சை, ஒன்று இரண்டு மூன்று, தட்டு. ம்ஹூம். போன் செய்தேன். பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம்.

"எந்தப் பக்கம் தட்டினீங்க?"

"இடது பக்கம்."

"உங்க இடதா, ஸ்டார்ட்டரோட இடதா?"

இரண்டு பேரும் சிரித்தோம். வக்கீல் அம்மா சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன், கடைசி வாக்கியத்தைத் தவிர. சிறிது நேரம் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. "சித்தப்பா மனுவை வாபஸ் வாங்கட்டுங்க. அதுக்கப்புறம் வரேன். ஊர்ல யாரும் டீச்சரம்மாவைத் தப்பாப் பேசக் கூடாது" என்றார்.

இப்படிப்பட்ட ஆளைச் சாட்சியாகப் பிடித்த அத்தைக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

ஜனவரி 25, வியாழன், தைப்பூசம். சோழவரம்

மத்தியானம் சித்தி தனியாக வந்தாள். பூச நட்சத்திரத்தில் ஏதாவது கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளாம். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "அந்தப் பேப்பரை வெச்சிருக்காங்களாமே, காட்டு" என்றாள்.

கொடுத்தேன். சித்திக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. என் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கையெழுத்து இடம் வந்ததும் விரல் நின்றது. கட்டை விரலால் அந்த வெறும் இடத்தைத் தேய்த்துப் பார்த்தாள்.

"எங்க வீட்ல இதே மாதிரி ஒண்ணு குடுத்தாங்கடி, தொண்ணூத்தி ஆறுல. வயல் ரெண்டு ஏக்கர், தோப்பு. எங்க அண்ணன் பேனாவைத் திறந்தே குடுத்துச்சு. போட்டேன். ஒரு பட்டுப் புடவை, ரெண்டு தட்டுல பழம். அந்தப் புடவையை இன்னும் கட்டல." கொஞ்ச நேரம் கழித்து, "எங்க அண்ணன் நல்லவருதான். அவரு கேட்டாரு, நான் போட்டேன். போடாமலும் இருக்கலாம்னு யாரும் எனக்குச் சொல்லல. உங்க அத்தை போடலைன்னு தெரியும். எல்லாரோடயும் சேர்ந்து நானும்தான் அவங்களத் திட்டினேன்."

பத்திரத்தைத் திருப்பினாள். பால் கணக்கைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் முப்பது வருஷமாக ஓரகத்திகள். ஒருவர் கையை ஒருவர் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

எழுந்து போகும்போது சித்தி கேட்டாள், "அந்த கரண்ட்டுக்காரப் பையனுக்கு என்ன சம்பளம்?" அம்மா சொன்னாள். எனக்கே தெரியாத தொகை, அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ.

ஜனவரி 29, திங்கள்

சித்தப்பா மனுவை வாபஸ் வாங்கிவிட்டார். தாலுகா ஆபீசுக்கு சித்தியும் கூடவே போய் வந்திருக்கிறாள். என்ன சொல்லி வழிக்குக் கொண்டுவந்தாள் என்று அம்மாதான் கேட்டுச் சொன்னாள்: "நாளைக்கே நானும் எங்க அண்ணன்கிட்ட பங்கு கேக்கப் போறேன். நீங்க எந்தக் கட்சின்னு இப்பவே சொல்லிடுங்க." சித்தப்பாவுக்கு அந்த இரண்டு ஏக்கர் மேல் ஒரு கண் எப்போதும் உண்டாம்.

பட்டா மாற்றத்துக்கு வி.ஏ.ஓ. வந்து பார்த்துவிட்டுப் போனார். நில அளவர் வர ஒரு வாரம் ஆகும்.

பிப்ரவரி 4, ஞாயிறு. சோழவரம்

காலையில் அதே பையோடு வந்து நின்றார். கையில் புது ஸ்டார்ட்டர் பெட்டி. "டீச்சரம்மா கோவிச்சுப்பாங்க, ஆனா நீங்க தண்ணியில்லாம இருக்க முடியாது" என்றார். ஒரு மணி நேரத்தில் மாட்டிவிட்டார். வேப்பங்கட்டையை எடுத்துப் போட மனமில்லாமல் அதே ஆணியில் தொங்கவிட்டார்.

அப்புறம் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து, தயாரித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெரியும்படி, ஆரம்பித்தார். சொத்து என் பேரிலேயே இருக்க வேண்டும். பட்டாவிலும் ஈ.பி.யிலும் தன் பேர் வரக் கூடாது. தன் சம்பளத்தில் வீட்டுச் செலவு. அவருடைய அம்மாவிடம் பேசிவிட்டார். இதெல்லாம் எனக்குச் சம்மதம் என்றால் மேற்கொண்டு ஒன்று கேட்க வேண்டும்.

"கேக்க வேண்டியதை முதல்ல கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

கேட்டார். சரி என்றேன்.

அம்மா பின்வாசலில்தான் நின்றிருந்திருக்கிறாள். "தம்பி, ஊர்ல வீட்டோட மாப்பிள்ளைன்னு பேசுவாங்களே, உங்களுக்கு அது வருத்தமா இருக்காதா?"

"ஆறு வருஷமா இந்த வீட்டோடதாங்க இருக்கேன். இப்பதான் மாப்பிள்ளை."

பங்குனியில் சிறுவாபுரியில் கல்யாணம். பத்திரிகையில் தன் பெயர் முதலில் வர வேண்டும் என்று சித்தப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். அத்தை பெயருக்கு அடுத்ததாகப் போடலாம் என்று சித்தியிடம் சொல்லிவிட்டேன். அவளும் அதுதான் முறை என்றாள். பந்தி மட்டும் என் பொறுப்பு என்று அம்மா சொல்லியிருக்கிறாள், யாரும் முன்னால் எழுந்து போகக் கூடாதாம்.

சாயங்காலம் அவர் பிப்ரவரி வாடகையைக் கொண்டுவந்து கொடுத்தார். இனிமேல் எதற்கு என்றேன். கல்யாணம் வரைக்கும் குடித்தனக்காரன்தான் என்றார். வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தேன். பழைய வாடகையே, ஏற்றவில்லை.